புதுப்பிப்பு: ஒரே டிஐ பாக்ஸ் போதுமா?

பாஸ் கிதார், பீசோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் உணரி) பொருத்திய அக்கூஸ்டிக் கிதார், கீபோர்டு ஆகிய மூன்றையும் பதிவு செய்ய ஒரே டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். மின்சாரம் தேவைப்படும் ஆக்டிவ், டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டு மின்சாரமின்றி இயங்கும் பேஸிவ் ஆகிய இரு வகைகளையும் இரவல் வாங்கி, ஒவ்வொரு கருவியிலும் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிவு செய்து ஒப்பிட்டதில், ஒன்று போதாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

மிகப் பெரிய வேறுபாடு அக்கூஸ்டிக் கிதாரில்தான் தெரிந்தது. பீசோ ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால், அதைப் பெறும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) குறைவாக இருந்தால் முதலில் கீழ் ஸ்வரங்களின் கனம் கரைந்துவிடுகிறது. 12:1 டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட பேஸிவ் பாக்ஸை 1.5 கிலோஓம் உள்ளீட்டு மின்மறுப்புள்ள மைக் பிரீஆம்ப்பில் (மைக் சிக்னலைப் பெருக்கும் கருவி) இணைத்தால், கிதார் சந்திக்கும் மின்மறுப்பு அதன் 144 (12-இன் வர்க்கம்) மடங்கு, அதாவது 216 கிலோஓம் மட்டுமே. பீசோவுக்கோ குறைந்தது 1 மெகாஓமாவது தேவை; மைக் கேபிள் வழியே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் பாக்ஸ் அதைத் தந்தது. உள்ளே பிரீஆம்ப் இல்லாத என் பாஸ் கிதாரிலும், விரல் நரம்பைத் தொடும் ஓசை ஆக்டிவில்தான் தெளிவாக வந்தது.

கீபோர்டுக்குப் பேஸிவே சிறந்தது. அதன் வலுவான சிக்னல் ஆக்டிவ் பாக்ஸைத் திணறடித்தது. டிரான்ஸ்ஃபார்மர் அதை எளிதாகத் தாங்கியதோடு, சிக்னலின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் விசையைத் தட்டியதும் நெடுநாள் தொல்லையான இரைச்சலும் நின்றது. ஆக்டிவ் பாக்ஸைத்தான் முதலில் வாங்கப்போகிறேன்.