எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின்: குமரி மாவட்டத்தார் சிலரின் அனுபவங்கள்

தக்கலை, பள்ளி ஆசிரியை

சென்ற ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு திருமணப் பந்தியில் நடந்ததை இன்னும் மனத்திலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. எனக்கு ஸ்லீவ் என்னும் இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்து ஓராண்டு கடந்திருந்தது. பந்திக்கு உட்காராமல் நழுவிவிடலாம் என்றிருந்தேன். பெண் வீட்டார் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நம் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பேரி, இஞ்சிக்கறி, கிச்சடி, துவரன், அவியல், எரிசேரி என்று இலையின் மேல்பாதி நிறைந்த பிறகுதான் சோறே வரும். பருப்பும் நெய்யும் தொடங்கிப் பிரதமன் வரை விளம்புகிறவர்கள் விடமாட்டார்கள். நான் இரண்டு வாய் அவியலும் கொஞ்சம் பருப்பும் எடுத்தேன். அத்துடன் வயிறு போதும் என்றுவிட்டது.

பக்கத்து இலையில் அப்பாவின் தங்கை, எங்கள் மாமி. அவர் முதலில் என் இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இடது கையை நீட்டி, புடவைத் தலைப்பை விலக்கி, என் கழுத்தெலும்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினார். "மக்களே, எங்கிட்ட ஒளிக்காத. என்ன தீனமாக்கும்?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். எதிர்வரிசையில் உண்டுகொண்டிருந்தவர்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள். மாமா வயிற்றுப் புற்றுநோயில் இப்படித்தான் உருகிப் போனார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அறுவை சிகிச்சை செய்தது என் பெற்றோருக்கும் கணவருக்கும் மட்டுமே தெரியும். "வாயுத் தொந்தரவு மாமி" என்று சொல்லி எழுந்துவிட்டேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று அந்த இடத்தில் எந்தச் சொல்லால் சொல்வது? நீங்கள் எல்லாம் உறவினர்களிடம் என்ன சொல்கிறீர்கள்?

குளச்சல், மீன் வியாபாரம்

ஆசிரியை அவர்களே, உங்கள் மாமியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் என்ன ஆகும் என்பதை நான் ஓடும் பேருந்தில் கண்டேன்.

எனக்குச் செய்தது இரைப்பைப் பைபாஸ்; இரைப்பையைச் சிறு பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். பல ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் ஊசி, சிகிச்சைக்குப் பின் சில வாரங்களிலேயே நின்றுவிட்டது. அந்த மகிழ்ச்சியில் இருந்த கோடைக்காலத்தில், திங்கள்சந்தைப் பக்கம் ஒரு தோப்பில் பனையோலைப் பட்டையில் அக்கானி (பதநீர்) வார்த்துக் கொடுத்தார்கள். ஒரு பட்டை குடித்துவிட்டு நாகர்கோவில் பேருந்தில் ஏறினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. சட்டை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது, வயிறு முறுக்கியது, கண் இருண்டது. நடத்துநர் என்னை இருக்கையில் சாய்த்துவிட்டு, "அண்ணனுக்கு நெஞ்சுவலியாக்கும், வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்று ஓட்டுநரிடம் கத்தினார். அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் எனக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்று எண்ணித் தம் பையிலிருந்த பழச்சாற்றுப் புட்டியைத் திறந்து வாயில் வைத்து அழுத்தினார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டேன். சாறு தாடை வழியாக ஒழுகியது. எனக்கு நடந்திருப்பது என்னவென்று அந்தப் பேருந்தில் ஒருவருக்கேனும் தெரிந்திருந்தால், அந்த அம்மா இனிப்பை ஊட்ட முயன்றிருக்கமாட்டார்.

மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் குறையில்லை. இனிப்பு நேராகச் சிறுகுடலில் இறங்கி, உடம்பின் நீரை அங்கே இழுத்துக்கொள்வதால் வரும் டம்பிங் என்று பிறகு என் மருத்துவர் விளக்கினார். அன்றிலிருந்து, எனக்குப் பைபாஸ் செய்திருக்கிறது, இனிப்புத் தரக் கூடாது என்று எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கிறது. சந்தையில் கூட இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் குறைவாக நினைக்கவில்லை.

மார்த்தாண்டம், செவிலியர்

குளச்சல் அண்ணன் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். இனிப்பு எப்போதுமே ஆகாது என்று அட்டையில் எழுதி வைத்திருப்பது ஆபத்து. உண்ட அரை மணி நேரத்துக்குள் வரும் படபடப்பு ஒரு வகை. அதற்குப் படுத்து ஓய்வெடுத்தால் போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு. இனிப்பைக் கண்டு இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, இரத்தச் சர்க்கரை உண்மையாகவே இறங்கிவிடும். அப்போது அந்த அம்மாவின் பழச்சாறுதான் மருந்து. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பதால், சர்க்கரை பார்க்கும் கருவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் "முதலில் சர்க்கரை அளவைப் பார்க்கவும்" என்று மாற்றி எழுதுங்கள். பைபாஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இது வரும்.

எனக்கும் ஸ்லீவ்தான். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டத் தொடங்கியது. தம்பி மகளின் பூப்பு நீராட்டுக்குத் தோவாளையிலிருந்து பிச்சிப்பூ வந்திருந்தது. அண்ணி என் தலையில் சூட முயன்றார். ஊசி நிற்கவில்லை, பூவின் கனத்தில் இருந்த முடியும் ஊசியோடு கழன்று அவர் கையில் வந்தது. அவர் அதைச் சுருட்டி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் அடுத்த பெண்ணுக்குப் பூ வைத்தார்.

அந்த நேரத்தில் நான் பயந்ததுபோல் நீங்கள் யாரும் பயப்பட வேண்டாம். எடை வேகமாக இறங்கும்போது முடியின் வேர்கள் ஓய்வுக்குப் போவதால் இது நிகழ்கிறது; பெரும்பாலோர்க்கு ஆறேழு மாதத்தில் கொட்டுவது நின்று மறுபடி முளைக்கும். புரதமும் இரும்பும் குறைந்தால் இது நீளும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். முதல் ஓராண்டில் புரோட்டீன் பவுடர் இல்லாமல் அது நடக்காது. பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம் ஆகியவை வாழ்நாள் முழுவதும் வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்காதீர்கள், இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பைபாஸ் செய்தவர்கள் முட்டுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கக் கூடாது. இணைத்துத் தைத்த இடத்தில் புண் வரும், சில நேரம் துளையே விழும். எடை விரைந்து குறையும் மாதங்களில் பித்தப்பையில் கல் உருவாகலாம். வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தால் வாயு என்று பெருங்காயத்தோடு நின்றுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. வாந்தி நிற்காமல் நீடித்தால் வைட்டமின் பி1 உடம்பில் தீர்ந்துபோகும். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவு குழம்பும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிலையான கேடு வரலாம். அருகிலுள்ள எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஆனவர், முதலில் பி1 போடுங்கள் என்று உங்கள் வீட்டார் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியை அக்கா, நீங்கள் மாமியிடம் சொல்கிறீர்களோ இல்லையோ, இதை வீட்டில் சொல்லி வையுங்கள்.

குலசேகரம், ரப்பர் விவசாயி

பவுடர் இல்லாமல் நடக்காது என்று செவிலியர் அம்மா எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு டப்பா விலையைக் கேட்டுவிட்டுச் சிகிச்சையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். தொடக்க வாரங்களில் நீராகாரமாக இருக்கும் காலத்துக்கு அது தேவைதான்; மென்று தின்னத் தொடங்கிய பிறகு நம் கடற்கரை நமக்குப் போதும். சாளையிலோ அயிலையிலோ 100 கிராம் சதையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். நான் மூன்று வேளையும் மீனையும் முட்டையையும் பயறையும் கொண்டே கணக்கை நிறைக்கிறேன். இரத்தப் பரிசோதனையில் குறை வந்ததில்லை.

என்னை உறுத்துவது புட்டு. பால்வெட்டு முடிந்து தோட்டத்து ஓரத்துத் தேநீர்க் கடையில் அவசரமாக ஒரு வாய் போட்டேன். நெஞ்சுக்குழியில் கல் வைத்ததுபோல் அங்கேயே நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. வாயில் நுரை நுரையாக உமிழ்நீர் ஊறுகிறது, விழுங்க முடியவில்லை. கடைக்குப் பின்னால் ஓடி ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். முகத்துக்கு நேராகச் சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது, என் வாயிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். நாற்பது ஆண்டுகளாகக் காலையில் தின்ற பண்டம் அது. இப்போது புட்டுக்குழலில் ஆவி வரும் மணம் கேட்டாலே தொண்டை இறுகுகிறது.

கஞ்சி குடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உணவோடு தண்ணீர் குடிக்காதே, அரை மணி நேரம் இடைவெளி விடு என்று மருத்துவமனையில் தருகிற தாளில் இருக்கிறது. கஞ்சியில் இரண்டும் கலந்துதானே இருக்கிறது என்று யாரும் அதில் எழுதவில்லை. கஞ்சி வேகமாக இறங்கிவிடும், வயிறு நிறைந்ததே தெரியாது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். நான் மீனையும் பயறையும் முதலில் மென்று தின்றுவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தெளிந்த கஞ்சித்தண்ணீரை மட்டும் சிறுகச் சிறுகக் குடிக்கிறேன். மரச்சீனிக் கிழங்கை விட்டேன். அது உள்ளே போனால் மீனுக்கு இடமில்லை.

தக்கலை, பள்ளி ஆசிரியை

குளச்சல் அண்ணனுக்கு ஒரு சொல். நீங்கள் சொன்னபோது சர்க்கரை நோய்க்குச் செய்த வைத்தியம் என்று சந்தையில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பெண் சொன்னால், தின்று கொழுத்துவிட்டு வெட்டிப் போட்டாள், நடந்து குறைக்க உடம்பு வளையவில்லை என்றுதான் பேச்சு வரும். இரைப்பையில் வெட்டி எடுக்கப்படும் மேற்பகுதிதான் பசியைத் தூண்டும் கிரெலின் பெருமளவு சுரக்கும் இடம் என்பதை நான் யாரிடம் விளக்குவேன்? பல ஆண்டு நடைப்பயிற்சியிலும் பட்டினியிலும் அடங்காத பசி அது. மாமியிடம் மட்டும் அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்வதாக இருக்கிறேன். ஊருக்குச் சொல்வதாக இல்லை.

சுசீந்திரம்

ஆசிரியை அக்கா சொன்னதுதான் சரி. எனக்கு வயது 29, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) காரணமாகச் செய்துகொண்டேன். பழைய அளவு ரவிக்கையோடு தையற்கடைக்குப் போனபோது, அந்த அக்கா புதிதாக அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னார். மேற்கையில் தொங்கிய தோல் அளவுநாடாவுக்கு மேல் மடிந்து விழுந்தது. அவர் நாடாவை இறுக்காமல், தோலை மெல்லத் தூக்கி உள்ளே விட்டு அளந்துவிட்டு, "கையை முட்டுவரை இறக்கித் தைக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் குற்றமே இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இவ்வளவு விரிந்த தோல் உடற்பயிற்சியால் முழுவதும் சுருங்காது. எடை நிலையாக நின்ற பிறகுதான் அதை வெட்டிச் சரிசெய்யலாம் என்கிறார்கள். நமக்கோ ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மடிப்புகளில் ஈரம் காயாமல் சிவந்து புண்ணாகிறது. பருத்தித் துணியை மடித்து இடையில் வைத்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நின்றிருந்த மாதவிடாய் ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டது. மாமியார் நாள்காட்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னால் சிகிச்சையையும் சொல்ல வேண்டிவரும். கணவர், நான் சொல்கிறேன் என்கிறார். இன்னும் சொல்லவில்லை.

ஊர்ப்பெயர் வேண்டாம்

நான் சிகிச்சை செய்துகொண்டவள் அல்லள், செய்துகொண்டவரின் மனைவி. என் கணவருக்குப் பைபாஸ் செய்து இரண்டாண்டுகள் ஆகின்றன. முன்பு கிறிஸ்துமசுக்கு ஒரு கோப்பை ஒயினோடு நிறுத்திக்கொள்பவர். உணவில்தான் அவருக்கு மகிழ்ச்சி. இரவு சமையலறையில் வந்து நின்று, சட்டியில் மிஞ்சிய மீன்குழம்பில் சோற்றைப் பிசைந்து தின்பார். இப்போது அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று பிராந்தி ஊற்றுகிறார். சென்ற வாரம் எழுந்து போய்ப் பார்த்தேன். குழம்புச் சட்டி மூடியபடி இருந்தது, அதன் பக்கத்தில் கண்ணாடிக் குவளை. கொஞ்சம்தான் குடித்திருந்தார், ஆனால் நிற்க முடியவில்லை. "இதுக்கு மட்டுந்தான் வயிற்றில எடமிருக்கு" என்றார். எடை குறைந்ததைப் பார்த்து ஊரே பாராட்டுகிறது. நான் யாரிடம் போவேன்?

மார்த்தாண்டம், செவிலியர்

சகோதரி, இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது அன்று. பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறும், அளவும் கூடுதலாக ஏறும், இறங்க நேரம் பிடிக்கும். முன்பு குடிக்காதவர்களில் சிலருக்கும், இரண்டாம் ஆண்டு வாக்கில் இந்தப் பழக்கம் தொற்றுவது மருத்துவத்தில் அறியப்பட்ட ஒன்று. மன உறுதி இல்லாதவர் என்று அவரை நினைக்காதீர்கள், பிறர் சொல்லவும் விடாதீர்கள். திடீரென்று நிறுத்தச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். நாள்தோறும் குடித்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். சிகிச்சை செய்த மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அவரிடம் போக முடியாவிட்டால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். பைபாஸ் ஆனவர் என்பதை அங்கே முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

அவர் குடிப்பது உண்ட பின்னா, வெறும் வயிற்றிலா? வைட்டமின் மாத்திரைகளை இப்போதும் விழுங்குகிறாரா, நிறுத்திவிட்டாரா? நடையில் தள்ளாட்டம் காலையிலும் இருக்கிறதா? இந்த மூன்றையும் பார்த்து இன்றே எழுதுங்கள். காலையிலும் தள்ளாட்டம் இருந்தால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அழைத்துச் செல்லுங்கள்.