சரிவுத் தோட்டத்தில் புல் வெட்ட மினி டிராக்டர்: டயரில் தண்ணீரா, முன் வெயிட்டா?

வேர்க்கால்:
கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் நாலு ஏக்கர் பட்டர் ஃப்ரூட் தோட்டம், மரத்துக்கு மரம் 8 மீட்டர். வண்டி 24 ஹெச்.பி. ஃபோர் வீல் டிரைவ், பின் டயர் 8.3-24, பின்னால் 4 அடி ஸ்லாஷர் (பிளேடு சுழன்று புல் வெட்டும் கருவி). மேடேறும்போது ஸ்லாஷரைத் தூக்கினால் ஸ்டியரிங் பிடிப்பே இல்லை. குறுக்கே ஓட்டினால் கீழ்ப்பக்கம் சாய்கிறது. பின் டயரில் தண்ணீர் அடித்தால் போதுமா, முன்னால் வெயிட்டும் மாட்டணுமா?

ஸ்பேனர்:
இரண்டும் வேறு வேறு கோளாறு அண்ணா, மருந்தும் வேறு.

ஸ்டியரிங் பிடிக்காததற்கு முன் வெயிட்தான். ஸ்லாஷரைத் தூக்கிய நிலையில் முன் வீல்களை மட்டும் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். வண்டியின் எடையில் 20 சதவீதமாவது அங்கே காட்டணும். வண்டி ஆயிரம் கிலோ என்றால் 200 கிலோ. குறைகிற அளவுக்கு பம்பரில் வெயிட் போடுங்கள். ஸ்லாஷரைத் தேவைக்கு மேல் தூக்கவும் வேண்டாம், தரையைத் தொடாமல் இருந்தால் போதும்.

சாய்வதற்கு முதலில் பார்க்க வேண்டியது பின் வீல் அகலம். இடது வீலை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி மாட்டினால் பெரும்பாலான ரிம்களில் அகலம் கூடும். அதே பக்கத்திலேயே திருப்பி மாட்டாதீர்கள், டயரின் ‘வி’ அச்சு தலைகீழாகிவிடும். பின்னால் நின்று பார்த்தால் கூர்முனை மேலே பார்க்கணும். மட்கார்டு உரசுகிறதா பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியதும் வீல் போல்ட்டை மறுபடி முறுக்கணும், இதை விட்டால் போல்ட் ஓட்டையே நீள்வட்டமாகிவிடும். அகலம் கூடினால் டயர் ஸ்லாஷருக்கு வெளியே நிற்கும், அது மிதிக்கிற புல் வெட்டுப்படாமல் படுக்கும். ஒவ்வொரு சாலையும் முந்தைய சாலின் மேல் ஒரு அடி படியும்படி வெட்டுங்கள்.

அதற்குப் பிறகு தண்ணீர். வால்வை உச்சியில் வைத்து, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் டயர்; இந்த அளவு டயருக்கு ஒன்றுக்கு 85-90 லிட்டர் பிடிக்கும். எடை தாழ்வாக நிற்பதால் வண்டி நிலைக்கும், ஆனால் முன் வீலுக்கு இதனால் ஒரு கிலோகூடச் சேராது. ஊட்டி மாதிரி உறைபனி விழும் இடமானால் கால்சியம் குளோரைடு கலக்கணும், டியூப் இல்லாத ரிம்மை அது அரித்துவிடும். உங்கள் உயரத்துக்கு வெறும் தண்ணீர் போதும். இரண்டு பக்கமும் காற்று ஒரே அளவா என்று தினமும் பாருங்கள். கீழ்ப்பக்க டயரில் காற்று குறைந்தாலே வண்டி சாயும்.

கருங்காலி:
அகலம், தண்ணீர் எல்லாம் சரி. ஆனால் சரிவுக்குக் குறுக்கே ஓட்டவே வேண்டாம், மேலும் கீழுமாக வெட்டுங்கள். செங்குத்தான இடத்தில் ரிவர்ஸில் ஏறி, வெட்டிக்கொண்டே முன்னோக்கி இறங்குங்கள். லோ கியர், ஃபோர் வீல் டிரைவ் போட்டபடி, இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியில் பூட்டியே இருக்கணும். ஃபோர் வீல் டிரைவை எடுத்துவிட்டால் இறக்கத்தில் பின் வீல் மட்டும்தான் பிடிக்கும், ஈரப்புல்லில் அது வழுக்கும். பனி காயாமல் இறங்காதீர்கள். டிஃப் லாக் (இரண்டு பின் வீலும் ஒரே வேகத்தில் சுழலப் பூட்டுவது) நேர் ஓட்டத்துக்கு மட்டும், திருப்புவதற்கு முன் எடுத்துவிடணும்.

இன்னொன்று, சிங்கிள் கிளட்ச் வண்டியா, அதாவது வீலுக்கும் ஸ்லாஷருக்கும் ஒரே கிளட்சா? அப்படியானால் பி.டி.ஓ.வில் (ஸ்லாஷரைச் சுழற்றும் பின் முனை) ஓவர்ரன் கிளட்ச் கட்டாயம், அது சுழற்சியை ஒரு பக்கம் மட்டுமே கடத்தும். இல்லாவிட்டால் நீங்கள் கிளட்சை மிதித்தாலும் சுழலும் பிளேடின் வேகம் ஷாஃப்ட் வழியாக கியர்பாக்ஸுக்கு வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே போகும். ஓவர்ரன் கிளட்சை மாட்டினால் பி.டி.ஓ. முனை நீளும், ஷாஃப்டை அளந்து அறுக்கணும். முழுக்கச் சுருங்கும்போது முட்டக் கூடாது. முழுக்க நீளும்போது மூன்றில் ஒரு பங்காவது குழாய்க்குள் இருக்கணும்.

வேர்க்கால்:
சிங்கிள் கிளட்ச்தான். எவ்வளவு சரிவு வரை இறங்கலாம்? மேட்டில் ஒரு இடத்தில் இன்ஜின் இழுத்து இழுத்து நிற்கவும் செய்கிறது.

ஸ்பேனர்:
2 மீட்டர் நேர்ப்பலகையின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் வையுங்கள், மறுமுனையைத் தூக்கி ரசமட்டம் பாருங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடைவெளி 35 செ.மீ. என்றால் 10 டிகிரி, 54 செ.மீ. என்றால் 15. பதினைந்துக்கு மேல் டிராக்டரே வேண்டாம், பிரஷ் கட்டர்தான். வண்டியின் புத்தகத்தில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

இன்ஜின் நிற்பதற்கு டேங்கைப் பாருங்கள். டீசல் குறைவாக இருந்தால் மேட்டில் ஒரு பக்கம் ஒதுங்கிக் காற்று இழுக்கும். அரை டேங்குக்குக் கீழே விடாதீர்கள். ஒருமுறை காற்று புகுந்துவிட்டால் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப்பம்ப் அடிக்கணும்.

கருங்காலி:
ரேடியேட்டர் வலையையும் தட்டுங்கள், புல்விதை அடைத்தால் இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகும். ஸ்லாஷரைத் தூக்கும் கைகளின் பக்கவாட்டுச் சங்கிலியை (செக் செயின்) இறுக்கிவையுங்கள், ஸ்லாஷர் பக்கவாட்டில் ஆடினால் சரிவில் வண்டியையும் சேர்த்து இழுக்கும். ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டம்) நிமிர்ந்திருந்தால் பெல்ட் போடணும். மரக்கிளைக்காக மடக்கினால் பெல்ட் போடக் கூடாது, அப்படி மடக்கியபடி சமமான இடத்தில் மட்டும் ஓட்டுங்கள்.