இலாபம் ஏறுகிறது, வங்கியில் பணம் குறைகிறது: இந்தக் கணக்கறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி (ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் தாய்மாமா டர்பனில் மசாலா, அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறார். அதில் 30 விழுக்காட்டுப் பங்கை எங்களுக்கு விற்க முன்வந்து, பிப்ரவரி இறுதியில் முடியும் நிதியாண்டுகளாக 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளின் அறிக்கைகளைக் கொடுத்திருக்கிறார். விற்பனை முறையே 38, 41, 46 மில்லியன் ரேண்ட். வரி போக இலாபம் 1.9, 2.3, 3.0 மில்லியன். மொத்த இலாபம் (விற்பனையிலிருந்து சரக்கின் கொள்விலையை மட்டும் கழித்தது) எல்லா ஆண்டுகளிலும் விற்பனையில் 20 விழுக்காடாகவே இருக்கிறது. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 4.8, 6.9, 10.6 மில்லியன், சரக்கிருப்பு 5.0, 5.9, 7.8, சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியது 4.1, 4.6, 5.0. தேய்மானம் ஆண்டுக்கு 0.6 மில்லியன். செலவுகளில் என் கண்ணில் பட்ட பெரிய மாற்றம், ஜெனரேட்டர் டீசல் 2024இல் 9 லட்சம் ரேண்டாக இருந்து 2025இல் 1 லட்சமாகக் குறைந்ததுதான். முன்பு இல்லாத ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கியிலிருந்து எடுத்த கடன்) இப்போது 2 மில்லியனை நெருங்குகிறது. “வியாபாரம் வளர்ந்தால் பணம் உள்ளே முடங்கத்தான் செய்யும்” என்கிறார் மாமா. அது சரியா? இது என் ஓய்வூதியப் பணம். உறவுக்குள் நடக்கும் விஷயம் என்பதால் துருவிக் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சகோதரி, மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வளரும் வியாபாரத்தில் சரக்கிலும் கடன் விற்பனையிலும் பணம் முடங்குவது இயல்பு. ஆனால் அந்த முடக்கம் விற்பனையின் வேகத்தோடு ஒத்துப் போக வேண்டும். விற்பனை இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 21 விழுக்காடு கூடியிருக்க, வரவேண்டிய பாக்கி இரு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. பாக்கியை விற்பனையால் வகுத்து 365 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2023இல் 46 நாளில் வசூலான பணம் 2024இல் 61 நாளும் 2025இல் 84 நாளும் எடுத்துக்கொள்கிறது. சரக்கை விற்பனை விலையோடு ஒப்பிடாமல் கொள்விலையோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் 60 நாளுக்கான இருப்பு 77 நாளுக்கானதாகியிருக்கிறது. மசாலாத் தூளும் பருப்பும் கிடங்கில் காலவரையின்றிக் கிடக்கக்கூடிய சரக்கு அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

இனி ரொக்கத்தைக் கணக்கிடுங்கள். 2025ஆம் ஆண்டு இலாபமான 3.0 மில்லியனுடன், கையிலிருந்து போகாத செலவான தேய்மானம் 0.6ஐக் கூட்டி, பாக்கி கூடிய 3.7ஐயும் சரக்கு கூடிய 1.9ஐயும் கழித்து, சப்ளையர் கடன் கூடிய 0.4ஐச் சேர்த்தால், கிடைப்பது கழித்தல் 1.6 மில்லியன். இதே கணக்கு 2024க்கு 0.4 மில்லியன் வரவு காட்டுகிறது. ஆக, மூன்று மில்லியன் இலாபம் காட்டிய ஆண்டில் வியாபாரம் ஒன்றரை மில்லியனுக்கு மேல் பணத்தை விழுங்கியிருக்கிறது. ஓவர்டிராஃப்டின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். மாமாவிடம் ஏஜ் அனாலிசிஸ் கேளுங்கள். யார் எவ்வளவு தர வேண்டும், 30, 60, 90, 120 நாள் எனப் பாக்கி எவ்வளவு பழையது என்பது அதில் வாடிக்கையாளர் வாரியாக இருக்கும்.

பதில் (சாட்ஸ்வர்த்)

மேலே உள்ள நாள் கணக்கில் ஒரு சிறிய திருத்தம் தேவை. பாக்கித் தொகையில் வாட் வரி சேர்ந்திருக்கும், விற்பனைத் தொகையில் சேர்ந்திருக்காது. அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு வாட் பூஜ்ஜியம்; மசாலாவுக்கு 15 விழுக்காடு. எல்லாமே வரிக்குரிய சரக்கு என்று வைத்துக்கொண்டாலும் 2025ஆம் ஆண்டின் 84 நாள் 73 ஆகும், 2023ஆம் ஆண்டின் 46 நாள் 40 ஆகும். உண்மை இடையில் எங்கோ இருக்கும், போக்கு மாறவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது டீசல். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு ஏறக்குறைய பத்து மாதங்கள் மின்வெட்டு இல்லாமல் போனதால் எல்லா வியாபாரிகளுக்கும் கிடைத்த நிம்மதி அது. மாமாவின் திறமைக்கு அதில் பங்கில்லை. டீசலில் மிஞ்சிய 8 லட்சத்திலிருந்து 27 விழுக்காடு கம்பெனி வரியைக் கழித்தால் 5 லட்சத்து 84 ஆயிரம் வருகிறது. இலாபம் கூடியதே 7 லட்சம்தான். அப்படியானால் 5 மில்லியன் ரேண்ட் கூடுதல் விற்பனை தந்த நிகரப் பயன் ஒரு லட்சத்துச் சொச்சம் ரேண்ட். மொத்த இலாபம் மட்டும் 10 லட்சம் கூடியிருக்கும்போது மீதியைத் தின்றது சம்பளமா, வட்டியா, போக்குவரத்தா என்று ஒவ்வொரு செலவாகப் பார்க்க வேண்டும்.

அறிக்கைகளின் முதல் பக்கங்களையும் படியுங்கள். 2008ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஆடிட் தேவையா என்பதைப் பொதுநல மதிப்பெண் முடிவு செய்கிறது: சராசரியாக வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி, விற்பனையிலும் வெளியாருக்கான கடனிலும் ஒவ்வொரு மில்லியன் ரேண்டுக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒரு புள்ளி. நூறுக்குக் கீழே இருந்து, பங்குதாரர்கள் எல்லோரும் இயக்குநர்களாகவும் இருந்தால், ஆடிட் மட்டுமல்ல, ஆடிட்டைவிட எளிய சோதனையான வெளியாரின் சுயேச்சையான பரிசீலனைகூடத் தேவையில்லை. உங்கள் கையில் இருப்பது அக்கவுண்டன்ட் தொகுத்துக் கொடுத்த கணக்காக மட்டும் இருந்தால், அந்த எண்களை வெளியிலிருந்து யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று பொருள். நீங்கள் இயக்குநராகாமல் பங்கு மட்டும் வாங்கினால் அந்த விலக்கு போய்விடும். அது உங்களுக்கு நல்லதே.

பதில் (வெருலம்)

இலாபத்துக்கும் ரொக்கத்துக்கும் இடையே விழும் இடைவெளிக்கு நம் பகுதிக்காரர்களுக்கு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. டோங்காட் ஹியூலெட் என்ற சர்க்கரை நிறுவனம் நிலம் விற்ற வருமானத்தை உரிய காலத்துக்கு முன்பே கணக்கில் ஏற்றியிருந்தது என்று 2019இல் வெளியான விசாரணை முடிவுகள் கூறின. பழைய அறிக்கைகளைத் திருத்த வேண்டியிருந்தது, ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் வணிகம் நிறுத்தப்பட்டது, 2022 அக்டோபரில் நிறுவனம் பிசினஸ் ரெஸ்கியூவுக்கு, அதாவது கடன் நெருக்கடியில் சிக்கிய நிறுவனத்தை மீட்க முயலும் சட்ட நடைமுறைக்கு, போனது. ஆடிட் செய்யப்பட்ட, பட்டியலிடப்பட்ட கம்பெனியின் நிலையே அது. உங்கள் மாமாவை அப்படிச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. வசூலாகாத வருமானம் எங்கே சேர்கிறது என்று பார்க்கத்தான் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஏஜ் அனாலிசிஸ் கிடைத்துவிட்டது. 10.6 மில்லியனில் 3.4 மில்லியன் ஒரே கம்பெனி தர வேண்டியது. அதில் பெரும்பகுதி 120 நாளைக் கடந்தது. விசாரித்தபோது, அது தம் மகனின் கம்பெனி என்றும், கொஞ்சம் தூக்கிவிடத்தான் சரக்குக் கொடுத்தேன் என்றும் மாமாவே சொன்னார். அறிக்கையில் தொடர்புடைய தரப்பினர் (உரிமையாளரின் நெருங்கிய உறவினர்கள், அவர்களின் கம்பெனிகள்) பற்றிய குறிப்பில் இந்தப் பெயர் இல்லை.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நீங்கள் கேட்டதும் அவர் மறைக்காமல் சொன்னது நல்ல அறிகுறி. ஆனால் மகனின் கம்பெனியுடனான கொடுக்கல் வாங்கலையும் நிலுவையையும் அந்தக் குறிப்பில் காட்டியிருக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கான கணக்கியல் தரமும் அதைக் கோருகிறது. இப்போது முக்கியமானது, கூடிய 5 மில்லியன் விற்பனையில் மகனுக்கு அனுப்பிய சரக்கு எவ்வளவு என்பதுதான். அது பெரும்பகுதி என்றால், வளர்ச்சி என்று உங்களுக்குக் காட்டப்பட்டது ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குப் போன சரக்காக இருக்கலாம். 3.4 மில்லியனும் வராமல் போனால், வரியில் குறைவது போக சுமார் 2.5 மில்லியன் இழப்பு. கிட்டத்தட்ட ஓராண்டு இலாபம்.

ஆகவே 3.0 மில்லியனை அடிப்படையாக வைத்து விலை பேச வேண்டாம். மாமாவின் கணக்கில் மகனின் கம்பெனிக்கு உள்ள லெட்ஜரையும் (பேரேடு), நிதியாண்டு முடிந்த பின் மார்ச் முதல் மே வரையிலான வங்கி ஸ்டேட்மெண்டையும் கேளுங்கள். பழைய பாக்கியில் எது உண்மையில் வசூலானது என்பது அவற்றில் தெரிந்துவிடும். மகனின் பாக்கி கைமாறும் முன் தீர வேண்டும், இல்லையேல் பங்கின் விலையில் கழிய வேண்டும். மாமா தம் பெயரில் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தால், உங்கள் பணம் உள்ளே வந்ததும் அதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதபடி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இவை எதையும் நீங்கள் நேரில் கேட்க வேண்டியதில்லை. உங்கள் அக்கவுண்டன்ட் ஒரே கடிதமாக அனுப்பட்டும், மாமாவும் தம் அக்கவுண்டன்ட் மூலமே பதில் தரட்டும்.