பாஸ்போர்ட் சைஸும் பதினாறாம் நாள் படமும்: சின்ன ஸ்டூடியோ போட்டவர்களின் அனுபவங்கள்

போன வாரம் நம் போட்டோகிராபர் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, நல்ல கேமராவாக ஒன்று வாங்கிக்கொண்டு கல்யாண வேலையில் இறங்கிவிடலாமா என்று. 2014-ல் நானும் இதே கணக்குத்தான் போட்டேன். இருந்ததையெல்லாம் திரட்டி, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவும், முகம் எடுக்க ஒரு 85 எம்எம் லென்ஸும் வாங்கினேன். அருப்புக்கோட்டையில் ஒரு சந்துக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கடை. முதல் நான்கு மாதத்தில் வந்தது இரண்டே கல்யாணம். அதில் ஒன்று அத்தை மகளுடையது. அங்கே போய்க் காசு கேட்கவா முடியும்?

வாடகையைக் கட்டியது பிரிண்டர்தான். ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டர், நீலத் துணி ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று, இரண்டு லைட், ஒரு ஸ்டூல், கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. நாலுக்கு ஆறு அங்குலத் தாளில் 35-க்கு 45 மில்லிமீட்டர் படம் எட்டு உட்காரும். பான் கார்டுக்கு 25-க்கு 35. அமெரிக்க விசா என்றால் இரண்டுக்கு இரண்டு அங்குலம். மே, ஜூனில் பள்ளிக்கூடச் சேர்க்கை நேரத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. அந்த இரண்டு மாத வரும்படியை வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்டினேன்.

இது சுலபமான வேலை என்று நினைக்க வேண்டாம். பாஸ்போர்ட் ஆபீசில் பெரியவர்களை அங்கேயே படம் எடுத்துக்கொள்வார்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மட்டும் நாம் வெள்ளைப் பின்னணியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்பா துபாயில், நாற்பது நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் திறந்திருக்க வேண்டும். அதுவோ பால் குடித்த மயக்கத்தில் இருக்கிறது. மேசையில் வெள்ளை வேட்டியை விரித்துப் படுக்க வைத்து, நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். பாட்டி சொடக்குப் போடுகிறார், அம்மா உள்ளங்காலைச் சுரண்டுகிறார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கூலி எழுபது ரூபாய்.

ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கும்போது ஒரு பெரியவர் வந்தார், கூடவே மகன். மனைவி தவறி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் பதினாறாம் நாள் காரியம், மாட்டுவதற்குப் படம் இல்லை. வீட்டில் இருந்தது வாக்காளர் அட்டை ஒன்றுதான். நகம் அளவுக்கு முகம், தாடை மேல் ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஏறியிருக்கிறது. ஸ்கேன் போட்டுப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக வருகிறது. தாடையை மகன் முகத்தைப் பார்த்து வரைந்தேன். புடவைக்கு என்னிடம் இருந்த வேறு படத்திலிருந்து ஒரு சுங்குடி. பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பா தம்பி" என்றார். போட்டேன். "இடது பக்கம் கொஞ்சம் பெருசா இருக்கு, அது அவ அம்மா கொடுத்தது, சின்னது" என்றார். குறைத்தேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. பிரிண்ட் எடுத்து, கண்ணாடி ஃபிரேம் மாட்டி முடிக்கும்போது மணி ஒன்று.

அந்தக் குடும்பத்தில் அதற்கப்புறம் நடந்த மூன்று விசேஷத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதனால் தம்பி, கேமராவுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் போட்டோஷாப்பில் ஒரு பழைய படத்தைத் தேற்றத் தெரியுமா என்று பாருங்கள்.

*

அண்ணே, அந்த மூக்குத்தி விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. நான் நாகர்கோவில். சீசன் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் இந்துக் கல்யாணம் அநேகமாகக் கிடையாது. எங்கள் பக்கம் சர்ச் கல்யாணம் இருப்பதால் ஆடியில் கை காயாது. ஆனால் தவக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். பேங்க் தவணைக்கு ஆடியும் தெரியாது, தவக்காலமும் தெரியாது. சிறு தொழிலுக்கு அரசுத் திட்டத்தில் பேங்க் கொடுக்கும் முத்ரா கடனில் சிசு என்ற பிரிவு ஐம்பதாயிரம் வரைக்கும். அதை மட்டும் வாங்கி லைட்டும் பிரிண்டரும் போட்டேன். தூரத்திலிருந்து எடுக்கும் 70-200 லென்ஸ் இன்று வரை சொந்தமாக இல்லை. வேலை வந்தால் நாள் வாடகைக்கு எடுத்து, அதையும் கல்யாண வீட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவேன். ஓசியில் உதவி செய்கிறேன் என்று வரும் சொந்தக்காரப் பையன்களை மட்டும் நம்பாதீர்கள். பந்தி போட்டதும் ஆள் மறைந்துவிடுவான்.

*

இங்கே எல்லாரும் அண்ணன்மார்களாக இருக்கிறீர்கள், நடுவே நானும் எழுதுகிறேன். மதுரையில் ஆறு வருடமாகச் செய்கிறேன். தொடக்கத்தில் மண்டபத்துக்குள் போனாலே "கேமராமேன் எங்கம்மா?" என்பார்கள். லைட் பிடிக்க வந்த பையனிடம் போய்ப் பேசுவார்கள், அவனுக்குப் பத்தொன்பது வயது.

எனக்கு வழி திறந்தது நிக்காஹ் வீடுகளில். கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் பெண்கள் பக்கம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் அங்கே போக முடியாது. பெண்ணின் மாமி முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டார்: என் போனில் ஒரு படம்கூட இருக்கக் கூடாது, மெமரி கார்டை அவர்களே வாங்கித் தருவார்கள், முடிந்ததும் கார்டு அவர்கள் கையில். சரி என்றேன். எடிட்டிங்கும் அவர்கள் வீட்டு மாடியிலேயே, என் லேப்டாப்பில், மாமி பக்கத்தில் உட்கார்ந்திருக்க. மூன்று நாள் பிரியாணியும் தம்மடையும் சாப்பிட்டுக்கொண்டே செய்தேன். அந்த ஒரு வீட்டிலிருந்து எட்டு வேலை வந்தது.

அவர்கள் அவ்வளவு கறாராக இருந்ததன் அர்த்தம் எனக்கு வேறொரு இடத்தில் அடிபட்ட பிறகுதான் புரிந்தது. ஒரு வளைகாப்புப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். நல்ல படம், கை நிறையக் கண்ணாடி வளையல், பின்னால் ஜன்னல் வெளிச்சம். மறுநாளே மாமியார் போன் செய்தார். "பிள்ளை பொறக்கிறதுக்குள்ள ஊர்க் கண்ணெல்லாம் படணுமா?" அழுகையும் கோபமும். உடனே எடுத்துவிட்டேன். நான் எடுத்த படம்தானே என்று மனதுக்குள் வீம்பு இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். தெரிந்த வக்கீல் அக்காவிடம் கேட்டபோது 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆம் பிரிவைக் காட்டினார். காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். எடுத்த நானில்லை! இப்போது அட்வான்ஸ் ரசீதிலேயே இரண்டு வரி இருக்கிறது: எந்தப் படங்களை வெளியில் காட்டலாம், காட்டக் கூடாது. காட்டக் கூடாது என்று டிக் செய்பவர்கள்தான் அதிகம்.

*

அக்கா சொன்ன ரசீது விஷயத்தோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2019 வைகாசி, திருப்பூர் பக்கம் ஒரு மண்டபம், முகூர்த்தம் நாலரை டு ஆறு. என்னிடம் இருந்தது கேனன் 6டி மார்க் 2. அருமையான கேமரா, ஆனால் ஒரே ஒரு கார்டுதான் போடலாம். தாலி கட்டு, மெட்டி, அம்மி மிதித்தல் எல்லாம் ஒரே கார்டில். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது. நல்ல வேளையாக அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதவில்லை. மீட்கும் சாப்ட்வேரைப் போட்டு விடிய விடிய உட்கார்ந்ததில் முக்கால்வாசி திரும்பி வந்தது. தாலி கட்டியது மட்டும் வரவில்லை. மற்ற எல்லாம் வந்து அது மட்டும் வராமல் போனால் எப்படி இருக்கும்?

வீடியோ எடுத்த அண்ணனிடம் ஓடினேன். அவர் 4கே-வில் எடுத்திருந்தார். அதில் ஒரு ஃபிரேமை நிறுத்தி எடுத்தால் எட்டு மெகாபிக்சல் அளவுக்குப் படம் வரும். 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட் முழுவதும் விரிக்க அது தாங்காது, அரைப் பக்கத்துக்கு ஓரளவு நிற்கும். கை அசைவில் கொஞ்சம் கலங்கல் வேறு. ஆறேழு ஃபிரேமைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கத்தவில்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "பொண்ணுகிட்ட நீயே சொல்லிடுப்பா" என்றார். அதற்கு அவர் கத்தியிருக்கலாம். பாக்கிப் பணம் இருபத்தைந்தாயிரத்தையும் நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

அடுத்த மாதமே கடன் வாங்கி இரண்டு கார்டு போடும் கேமராவுக்கு மாறினேன். ஒரே படம் இரண்டிலும் பதிவாகிறபடி வைத்திருக்கிறேன். மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது ஒன்று என் சட்டைப் பையில், இன்னொன்று அசிஸ்டெண்ட் பையில்.

*

அருப்புக்கோட்டையிலிருந்து மறுபடியும் நான். திருப்பூர்த் தம்பிக்கு: நேரில் போய்ச் சொன்னீர்களே, அதுவே பெரிது. பாக்கி என்றதும் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 2016 வரைக்கும் ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுப் பாக்கிக்கு நடந்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குப் பதினோரு தடவை. கடைசியாகப் போனபோது அந்தக் கல்யாணத்தில் பிறந்த குழந்தைக்குக் காதுகுத்து, அதற்கும் என்னையே எடுக்கச் சொன்னார்கள்! இப்போது பாதி அட்வான்ஸ், கால் பங்கு முகூர்த்தத்தன்று, மீதி ஆல்பம் பிரிண்டுக்குப் போகும் முன். டிசைனை வாட்ஸாப்பில் காட்டிவிட்டு, பணம் வந்த பிறகுதான் பிரிண்ட்.

ஜிஎஸ்டி பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். தனிக் கடைக்காரர்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டைத் தொடப்போவதில்லை. உத்யம் என்கிற சிறு தொழில் பதிவு ஆன்லைனில் இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், நாமே போடலாம். என்னிடம் ஒரு பிரவுசிங் சென்டரில் எழுநூறு வாங்கிவிட்டார்கள். வாங்கினவர் என் கடைக்கு எதிர்க்கடைதான், தினமும் டீ சேர்ந்துதான் குடிக்கிறோம்.

மீதியை நாளை ராத்திரி எழுதுகிறேன். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ, வெயில் ஏறினால் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிவிடும். ஏழரைக்குள் பெஞ்சைப் போட்டாக வேண்டும்.