ஆரஞ்சுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஆரஞ்சு என்ற சொல் வந்த வழியைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். சமஸ்கிருதத்தில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிஷில் நரான்ஹா என்று போய், பிரெஞ்சில் முதலில் இருந்த ‘ந’ உதிர்ந்து, அப்படியே ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் இது. மூலம் திராவிடம், நம் நாரத்தைக்கு உறவு என்று அறிஞர்கள் பலர் கருதுவதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். நிறத்துக்கு இந்தப் பெயர் வந்ததுகூட பழத்துக்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான்.

அப்புறம் கிரேக்கத்தில் போர்த்தொகாலி, இன்றைய அரபியில் புர்துகால், இரண்டிலும் ஒட்டியிருப்பது போர்ச்சுகல். டச்சுக்காரர்களுக்கோ அது சீன ஆப்பிள்!

வளைகுடா, ஐரோப்பா பக்கம் இருப்பவர்கள், கடைத்தெருவில் சொல்லும் பெயரை அதே உச்சரிப்பில் தமிழில் எழுதுங்கள். பழந்தமிழ் நூல்களில் நாரத்தை வரும் இடம் தெரிந்தால் பாடல் எண்ணோடு சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.