மறு: ஹ்யூமனிஸத்துக்கு ‘மனிதநேயம்’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

இழையை முதல் மடலிலிருந்து படித்தேன். இத்தாலிய மறுமலர்ச்சியைப் பற்றிய கட்டுரைக்காக ‘ஹ்யூமனிஸம்’ என்பதற்கு ஒருவர் தமிழ்ச் சொல் கேட்டதற்கு மனிதநேயம், மானுடவாதம், செவ்விலக்கியக் கல்வி என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. ‘மறுமலர்ச்சி’ நிலைத்துவிட்ட சொல், அதில் யாருக்கும் மறுப்பில்லை. அந்தக் காலத்தின் உயிர்நாடியான ஹ்யூமனிஸத்தை என்னவென்று சொல்வது என்பதில்தான் நாம் பிரிகிறோம்.

> மனிதனை நடுவில் வைத்த சிந்தனை என்பதால் மனிதநேயம் போதும். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

போதாது. மனிதநேயம் என்றதும் தமிழ் வாசகர் நினைப்பது இரக்கத்தையும் உதவியையும்தான். இத்தாலியில் ‘ஊமானிஸ்டா’ என்று அழைக்கப்பட்டவரோ ஓர் ஆசிரியர். சட்டம் கற்பித்தவரை ‘லெஜிஸ்டா’ என்றதுபோல, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்கலைக்கழக வழக்கில் எழுந்த பெயர் அது. அவர் கற்பித்தவை ஐந்து: இலக்கணம், சொல்லாட்சிக் கலை, கவிதை, வரலாறு, அறநெறி. இந்த ஐந்துக்கும் பொதுப்பெயர் ‘ஸ்டூடியா ஹ்யூமானிடாடிஸ்’.

இதே குழப்பம் ரோமாபுரியிலும் இருந்திருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆலுஸ் கெல்லியுஸ் என்ற ரோம எழுத்தாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘ஹ்யூமானிடாஸ்’ என்பதைப் பொதுமக்கள் எல்லா மனிதரிடமும் காட்டும் பரிவாக, கிரேக்கரின் ‘ஃபிலாந்த்ரோபியா’வாக எடுத்துக்கொள்கிறார்கள், லத்தீனைச் செம்மையாகக் கையாண்ட அறிஞர் வர்ரோவும் நாவலர் சிசெரோவுமோ கிரேக்கரின் ‘பைடேயா’வை, நற்கலைகளில் பெறும் கல்வியைத்தான் அச்சொல்லால் குறித்தார்கள் என்கிறார். இந்த இழைக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

> அப்படியானால் மானுடவாதம்?

வாதம் என்றால் ஒரு கொள்கை இருக்க வேண்டும். மறுமலர்ச்சிக் கால இத்தாலிய அறிஞர்களான இவர்களிடம் பொதுக்கொள்கை இல்லை. ப்ரூனி அரிஸ்டாட்டிலை லத்தீனில் பெயர்த்தார், ஃபிச்சீனோ பிளேட்டோவைப் பெயர்த்தார். சமய எதிர்ப்பாளர்களும் அல்லர். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பெட்ரார்க் திருச்சபை மானியத்தில் வாழ்ந்தவர், போஜ்ஜோ திருத்தந்தையின் செயலகத்தில் வேலை பார்த்தவர். ‘ஹ்யூமனிஸம்’ என்ற வாதப் பெயரே 1808இல் ஜெர்மானியக் கல்வியாளர் நீட்ஹாமர் புழக்கத்தில் விட்டதுதான்.

அவர்களை இணைத்தது ஒரு பழக்கம்: பழஞ்சுவடியைத் தேடுவது, பிரதிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிடுவது, அந்த மொழிநடையிலேயே எழுதுவது. பெட்ரார்க் 1333இல் லியேஜில் சிசெரோவின் உரை ஒன்றைக் கண்டெடுத்தார். கவிஞன் ஆர்க்கியாஸுக்காக சிசெரோ வாதாடிய அந்த உரையில்தான் ‘ஸ்டூடியா ஹ்யூமானிடாடிஸ்’ என்ற தொடர் இருக்கிறது. 1345இல் வெரோனாவில் சிசெரோவின் கடிதங்கள் கிடைத்தன. தான் போற்றிய ஞானி அரசியல் சூழ்ச்சிகளில் அலைக்கழிவதை அவற்றில் படித்து மனம் வருந்தி, இறந்து பல நூற்றாண்டுகள் ஆன சிசெரோவுக்கே பதில் கடிதம் எழுதினார். பழையவர்களைத் தம்மோடு பேசும் மனிதர்களாகவும், தம் காலத்திலிருந்து வெகுதொலைவில் இருந்தவர்களாகவும் ஒருசேர உணர்ந்ததை மறுமலர்ச்சியின் தனிக்குணம் என்பேன். போஜ்ஜோ 1416இல் சாங்க்ட் காலன் மடத்தில் ரோமச் சொல்லாட்சி ஆசிரியர் குவிந்திலியனின் முழு நூலையும், அடுத்த ஆண்டு ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸின் நூலையும் மீட்டார்.

கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிள் 1453இல் துருக்கியரிடம் வீழ்ந்து, கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு வந்ததால் மறுமலர்ச்சி தொடங்கியது என்று இழையில் ஒருவர் எழுதியிருந்தார். காலம் ஒத்துவரவில்லை. கிரேக்க அறிஞர் கிரிசோலோராஸ் ஃபுளோரன்ஸில் கிரேக்கம் கற்பிக்க வந்தது 1397இல். அவரை வரவழைத்தவர்களில் முதன்மையானவர், 1375 முதல் அந்நகர அரசின் கடிதங்களை எழுதிவந்த சலுத்தாத்தி. அவருடைய ஒரு கடிதம் ஆயிரம் குதிரை வீரர்களுக்குச் சமம் என்று பகைவரான மிலான் கோமகனே சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. நகரக் குடியரசுகளுக்கு ஒப்பந்தம் எழுதவும், தூது பேசவும், எதிரியை எழுத்தில் மடக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். நல்ல லத்தீனுக்கு வேலைவாய்ப்பு இருந்தது. வேர் அங்கே இருக்கிறது.

> செவ்விலக்கியக் கல்வி என்பதில் என்ன குறை?

மூன்றில் இதுதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனாலும் கற்றதைச் சொல்கிறதே ஒழிய, கற்றதை வைத்து அவர்கள் செய்ததைச் சொல்லவில்லை. 1440இல் வல்லா என்ற அறிஞர், பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குலக ஆட்சியைத் திருத்தந்தைக்கு வழங்கியதாகச் சொல்லும் சாசனம் போலி என்று நிறுவினார். ‘சத்ரப்’ (பாரசீக மாகாண ஆளுநர்) போன்ற சொற்கள் அக்கால ரோம அரசு வழக்கில் வரவே வராது என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. நேப்பிள்ஸ் அரியணைக்கு உரிமை கோரித் திருத்தந்தையோடு பகைகொண்டிருந்த அரகோன் மன்னர் அல்ஃபோன்ஸோவின் ஆதரவில் அவர் அப்போது இருந்தார் என்பதும் உண்மைதான். ஆனால் சான்று சொல்லிலிருந்தே வந்தது. இதைக் கல்வி என்பதைவிடப் புலமை என்பதே தகும்.

ஆகவே என் பரிந்துரை: ஸ்டூடியா ஹ்யூமானிடாடிஸ் - மானுடக் கல்வி. ஊமானிஸ்டா - மானுடப் புலவர். ஹ்யூமனிஸம் - மானுடப் புலமை.

புலவர் என்றால் கவிஞர் என்று நினைத்துவிடமாட்டார்களா என்று கேட்கலாம். கவிதை அந்த ஐந்தில் ஒன்று. பெட்ரார்க் 1341இல் ரோமில் முடிசூட்டப்பட்டதும் கவிஞராகத்தான். நம் வழக்கிலும் புலவர் பாடுவார், இலக்கணம் நடத்துவார், உரை எழுதுவார், புரவலரை அண்டி வாழ்வார். இத்தனையும் 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஆசிரியர்களான குவாரினோவுக்கும் ஃபிலெல்ஃபோவுக்கும் பொருந்தும். ‘மானுடவியல்’ வேறொரு துறைக்குப் போய்விட்டது, ஆனால் மானுடம் என்ற வேர் நம் கையில்தான் இருக்கிறது. ‘மானுடம் வென்றதம்மா’ என்று கம்பன் சுக்கிரீவனைச் சொல்லவைத்தபோது அது வெறும் உயிரினப் பெயராக நிற்கவில்லையே.

20ஆம் நூற்றாண்டின் சமயம் சாராத ஹ்யூமனிஸத்துக்கு மானுடவாதம் இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் கட்டுரையில் பெட்ரார்க் இறைமறுப்பாளராகிவிடுவார்.

இன்னொரு சொல் மிச்சம். போஜ்ஜோவின் தலைமுறை பழக்கத்துக்குக் கொண்டுவந்த கையெழுத்து வடிவத்தை ‘ஹ்யூமனிஸ்ட் எழுத்து’ என்று மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவர்களே அதைப் ‘பழைய எழுத்து’ என்றுதான் அழைத்தார்கள். அவர்கள் முன்மாதிரியாகக் கொண்ட வடிவம் உண்மையில் ரோமருடையதன்று, பேரரசர் சார்லமேன் காலத்தில் (8-9ஆம் நூற்றாண்டு) உருவாகிச் சுவடிகளில் தொடர்ந்து வந்தது. இன்றைய ரோமன் அச்செழுத்துகள் அதன் வழி வந்தவை. ‘பழவெழுத்து’ என்று வைத்துக்கொள்ளலாமா? நம் கல்வெட்டு அறிஞர்கள் அதை வேறு பொருளில் ஆள்கிறார்கள் என்றால் சொல்லுங்கள், மாற்றிவிடுவோம்.

அன்புடன்.