வெள்ளத்தில் மூழ்கிய யெஸ்டியும் மூன்று முறை பிடித்த பிஸ்டனும்

விரிஞ்சிபுரத்தில் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு யெஸ்டி 250 பைக் பல வருஷமாகச் சாய்ந்து கிடந்தது. வாலிபத்தில் அதன் மட்கார்டைக் கழற்றி, ஹேண்டில்பாரை உயர்த்தி, பின்னால் பட்டன் டயர் போட்டு பாலாற்று மணலில் ஓட்டியவர் அவர். தண்ணியில்லாத ஆறு என்று நம்ம ஊரைக் கிண்டல் செய்வார்களே, அந்த ஆறுதான் அவருக்கு மைதானம். 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு கொட்டகைக்குள் புகுந்தது. வண்டி சீட் வரைக்கும் வண்டல். "எடைக்குப் போட்டுடலாம்" என்றார் அத்தை. நான் ஒரு குட்டி யானை பிடித்துக் காட்பாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

யெஸ்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான். மேலே திருப்பினால் கிக்கர், முன்னால் மடக்கினால் கியர். என் வண்டியில் அது துருப்பிடித்து இரண்டுமாக இல்லாமல் போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்த பிறகுதான் பிஸ்டன் அசைந்தது. பிரித்துப் பார்த்தால் கனெக்டிங் ராடு பேரிங் முழுக்கத் துரு, பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸுக்குள் கைப்பிடி சேறு. கிராங்க் செட்டை லேத்தில் கொடுத்து பிரஸ் செய்து, சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கும் ஓவர்சைஸ் போரிங் போட்டு, புது பிஸ்டன், புது ரிங். இதுவரை எல்லாம் சரி.

அப்புறம்தான் ஆசை வந்தது. டர்ட் பைக் என்றால் பவர் வேண்டாமா? கார்பரேட்டரைப் பெரிதாக்கினேன், எக்ஸாஸ்ட் போர்ட்டை அரத்தால் ராவினேன், பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டினேன். ஒடுகத்தூர் தாண்டி மலையடிவார மண்பாதையில் முதல் ஓட்டம். நல்ல மேட்டில், முழு ஆக்சிலேட்டரில், சத்தம் திடீரென்று மெலிந்தது. யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கிளட்சை அழுத்தவில்லை என்றால் நான் பள்ளத்தில். பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டு உதைத்தேன், ஓடியது.

ஆயில் போதவில்லை என்று முடிவுகட்டினேன். டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 40 மில்லி கலந்துகொண்டிருந்ததை 60 ஆக்கினேன். மறுவாரமே மறுபடியும் பிடித்தது. இங்கேதான் என் முட்டாள்தனம். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளையான ஜெட் வழியாகப் போகிற அளவு மாறப்போவதில்லை. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். அதாவது, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் கலவை இன்னும் வறளும், என்ஜின் இன்னும் சூடாகும். மருந்து என்று நினைத்து வியாதியைக் கூட்டியிருக்கிறேன்.

மூன்றாவது முறை பிடித்தபோது பிஸ்டனில் கோடு விழுந்துவிட்டது. கொசப்பேட்டையில் பழைய டூ ஸ்ட்ரோக் பார்க்கிற ஒரு பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். "ஆக்சிலேட்டர விட்டதும் சத்தம் உடனே இறங்குதா தம்பி?" என்று கேட்டார். யோசித்தால், இல்லை. விட்ட பிறகும் கொஞ்ச நேரம் தானாக அலறிவிட்டுத்தான் இறங்கும். பெரிய கார்பரேட்டர், அப்படித்தான் இருக்கும் என்று பெருமையாக விட்டிருந்தேன்.

முதலில் வேறு பிஸ்டன் மாட்டச் சொன்னார். அதன் பிறகு செய்த சோதனையை எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம். இன்டேக் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பரால் அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாக சைக்கிள் பம்பால் ஐந்து, ஆறு பவுண்டு காற்று மட்டும் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவினார். வலது பக்கம், டைனமோவுக்குப் பின்னால் கிராங்க் தண்டை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைச் சுற்றிக் குமிழ் குமிழாக வந்தது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். பிஸ்டன் மேலே போகும்போது அதற்குள் பெட்ரோல் கலவையை இழுக்கும், கீழே வரும்போது அழுத்தி மேலே தள்ளும். டைனமோ பக்க சீல் ஒழுகினால் வெறும் காற்றையும் சேர்த்து இழுக்கும், கலவை வறண்டு பிஸ்டன் பிடிக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் அலறியது இதனால்தான். இடது பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும். அது கண்ணுக்குத் தெரிகிற வியாதி, இது தெரியாது. இத்தனைக்கும் நான் புது சீல்தான் போட்டிருந்தேன். கடையில் பல வருஷம் தூங்கிய ஸ்டாக், ரப்பர் விறைத்துப் போயிருந்தது. அந்த வண்டியிலேயே மலிவான சாமான் அதுதான்.

இப்போது சீல் மாற்றி, கார்பரேட்டரைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டேன். 6 வோல்ட்டைத் தூக்கிவிட்டு 12 வோல்ட்டும் எலக்ட்ரானிக் இக்னிஷனும். நான் செய்த மாற்றங்களில் உருப்படியானது இது ஒன்றுதான், பழைய இக்னிஷனின் பாயிண்டைத் தேய்த்துத் தேய்த்து உட்கார வேண்டியதில்லை. 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காக மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டினேன், டேங்க் குழாயின் ரப்பர் வாஷரையும் மாற்றினேன். பழைய வாஷர் ஊறி இட்லி மாதிரி ஆகிவிட்டது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஆம்பூர் நண்பர்: அண்ணே, எனக்கும் இதே கதை, வண்டிதான் ஆர்எக்ஸ் 100. ஜெட் மாற்றி, பிளக் மாற்றி, கடைசியில் பார்த்தால் கார்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மவுண்டில் மயிர்க்கோடு மாதிரி விரிசல். கையால் மடக்கினால்தான் தெரியும். உள்ளே போன கலவை திரும்பாமல் தடுக்கும் ரீட் வால்வ் இதழையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நுனி உடைந்திருந்தால் காலையில் உதைத்து உதைத்தே கால் போய்விடும்.

குடியாத்தம் பெரியவர்: தம்பி, சீல் விஷயம் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். போர்ட்டை அரம் போட்டதைப் படித்துத்தான் வயிறு எரிந்தது. மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி மூடியது 1996-இல். 2022-இல் யெஸ்டி என்று திரும்ப வந்தது 334 சிசி நான்கு ஸ்ட்ரோக், அதன் சாமான் இதற்கு உதவாது. சிலிண்டரை இத்தனை முறைதான் போரிங் போட முடியும், அரத்தில் போன இரும்பு திரும்ப வராது. ஸ்ப்ராக்கெட் மாற்று, ஹேண்டில்பார் மாற்று, நாளைக்குக் கழற்றிப் பழையதை மாட்டலாம். நானும் சின்ன வயதில் ஒரு சிலிண்டரை இப்படிக் கெடுத்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

நான்: ஐயா, ஒப்புக்கொள்கிறேன். நல்லவேளை, ராவியது கொஞ்சம்தான்.

வாலாஜா தம்பி: அண்ணா, ஆர்சி எப்படி? மட்கார்டு, லைட் இல்லாமல் ரோட்டில் விடுவார்களா?

நான்: விட மாட்டார்கள் தம்பி. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சைலன்சரை வெட்டி வைத்திருந்தால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள். அதுவரை மணலுக்குக் குட்டி யானையில்தான் போகிறது, காப்புக்காட்டுப் பக்கம் போவதே இல்லை. லைட் கிடைத்துவிட்டது. மாமா கழற்றிப்போட்ட பழைய மட்கார்டுகள் கொட்டகைக் கூரை ஷீட் காற்றில் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடக்கின்றன. வேறு பாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு எடுத்துக்கொள் என்கிறார் அத்தை.